மூன்றாம் கேபினின் குழாய்

ஏரிக்குள் இறக்கியிருந்த உறிஞ்சுகுழாயை ஹார்லன் இழுத்துக் கரையில் போட்டார். அதன் வாய்ச் சல்லடையில் பாசி அப்பியிருந்தது. அதை விரலால் வழித்து எறிந்துவிட்டு, "அவ்வளவுதான். இனி இந்த வருஷத்துக்குத் தண்ணி கிடையாது," என்றார்.

ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் சொல்வதுதான். இந்த முறை தன்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது பிரிட்டாவுக்கு.

டுலூத் நகரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் இருந்த அறையையும் விட்டுவிட்டு அவள் வந்திருந்தாள். குளிர்காலம் முழுக்க இங்கேயே இருக்கப் போவதாகப் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். ஹார்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்க?"

"ஏதாவது ஒரு கேபின்ல."

"விறகு இருக்கு. ரோட்ல பனியை வெண்டெல் தள்ளிக் கொடுப்பான். தண்ணிக்கு?"

"அடிபம்புல இருந்து பக்கெட்ல எடுத்துப்பேன்."

"மைனஸ் முப்பதுல பக்கெட்டோட வழுக்கி விழுந்தா? மே மாசம் நான் வந்து தூக்கணுமா? தண்ணி இல்லாத வீட்ல ஊர்ல யார் வேணா இருக்கட்டும். என் மக இருக்க வேண்டாம்." ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "உறையாம தண்ணி வர்ற கேபின் ஒண்ணே ஒண்ணைக் காட்டு. தாராளமா இரு. நானே விறகு அடுக்கித் தரேன்."

அப்படி ஒரு கேபின் பிரிட்டாவுக்குத் தெரிந்து கிடையாது. கேபின்களுக்குப் போகும் குழாயெல்லாம் பாசிக்கும் மண்ணுக்கும் அடியில் ஒரு சாண் ஆழத்தில் ஓடியது. ஜனவரியில் உறைவு மண்ணுக்குள் ஆள் உயரத்துக்கும் மேல் இறங்கும். பெரிய வீட்டுக்கும் அதே குழாய்தான். அதனால்தான் கோடையில் பயணிகள் தங்கும் ஆறு கேபினையும் வீட்டையும் பூட்டிவிட்டு வெயிலடிக்கும் அரிசோனாவுக்குப் போனார்கள். பிரிட்டா சின்னப் பெண்ணாக இருந்தபோது டவுனில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். ஹார்லன் பள்ளி பஸ் ஓட்டினார். எப்படியானாலும் நவம்பரில் இங்கே யாரும் இருந்ததில்லை.

அம்மா வெர்னா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டு மாவுக்கட்டுக்குள் பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ஏன் இருக்க வேண்டும் என்று ஹார்லன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல பிரிட்டாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நீந்தக்கூடிய ஏரி அது. எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அவள் கால்களுக்குத் தெரியும். ஆனால் அது உறைவதை அவள் பார்த்ததில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும், ஒரே ராத்திரியில் முடிந்துவிடுமா, சத்தம் வருமா, ஒன்றும் தெரியாது. டவுனிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிற விஷயமும் இல்லை. அது என்றைக்கு என்று முன்கூட்டித் தெரியாது. தெரிந்து வருவதற்குள் முடிந்திருக்கும்.

முப்பத்தொரு வயதில் இதற்காக வேலையை விட்டேன் என்று யாரிடம் சொல்வது?

இன்று காலை வெண்டெல் தன் ட்ரக்கில் வந்திருந்தார். போர் போடுகிறவர். பக்கத்து ஊர்க்காரர். சனிக்கிழமைதோறும் இவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். மாவுக்கட்டைப் பிரிக்க வெர்னாவை டவுனுக்கு அழைத்துப் போனார். ட்ரக் கிளம்பும்போது வெர்னா ஜன்னலை இறக்கினாள்.

"மூணைத் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

"ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டா?" என்றார் ஹார்லன்.

"இன்னொரு கையை வாங்கத்தானே போறேன்."

அந்தக் குடும்பத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு கேபினை அக்டோபரில் யார் மூடுகிறார்களோ அவர்கள்தான் மே மாதம் அதைத் திறக்க வேண்டும். குழாய் வெடித்திருந்தாலும், எலி மெத்தையில் குடித்தனம் நடத்தியிருந்தாலும் மூடியவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கேபினில் தலையிடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. ஹார்லனின் அப்பா காலத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடி ஆகி, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. மூன்றும் நான்கும் வெர்னாவுடையவை.

இருவரும் ஒன்றாம் கேபினிலிருந்து ஆரம்பித்தார்கள். குழாய்களைத் திறந்துவிட்டு, தாழ்வான இடத்தில் இருந்த வடிகால் திருகைக் கழற்றினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஹார்லன் கம்ப்ரஸரை மாட்டிக் காற்றைச் செலுத்தினார். ஒவ்வொரு குழாயும் இருமி, துப்பி, கடைசியில் வெறும் காற்றாகச் சீறியது. அதன் பிறகு பிரிட்டா கழுவுதொட்டிகளின் வளைகுழாய்களில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினாள். சோப்புக் கட்டிகளைப் பொறுக்கினாள். விட்டுவைத்தால் எலிக்குத் தீபாவளி. ஃப்ரிட்ஜ் கதவு மூடிக்கொள்ளாமல் குச்சி வைத்தாள்.

இரண்டாம் கேபினில் அவசரப்பட்டுக் காற்றுக்கு முன்னாலேயே திரவத்தை ஊற்றிவிட்டாள். காற்று வந்ததும் அவ்வளவும் கூரை வரை பீச்சியடித்தது.

"பரவாயில்ல," என்றார் ஹார்லன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கூரை உறையாது."

மதியம் தாண்டியும் ட்ரக் வரவில்லை. வடக்கே வானம் ஈயம் போல இருந்தது. ஹார்லன் அதைப் பார்த்தார்.

"நீ போய் மூணுல குழாயைத் திறந்து விடு. அவ வந்து அந்தக் கையை வெச்சுக்கிட்டுக் குனிய வேண்டாம்."

"தொடாதீங்கன்னு அம்மா சொன்னாளே."

"அதெல்லாம் வீம்பு. போ."

பிரிட்டா மூன்றாம் கேபினுக்குள் போய் சமையல் மேடைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. குழாயில் மிச்சம் இருப்பது வடியட்டும் என்று விட்டுவிட்டு அலமாரியைக் காலி செய்தாள். தீப்பெட்டிகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினாள். அடுப்புச் சாம்பலை வாரினாள். கொட்டிவிட்டு வந்தபோதும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திறந்தபோது இருந்த அதே கனம்.

பக்கெட்டை வைத்தாள். நிறைந்தது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி நிறைந்தது.

வாசலுக்கு வந்து பார்த்தாள். உறிஞ்சுகுழாய் கரையில் செத்த பாம்பாகக் கிடந்தது. கழற்றிய பம்ப் கைவண்டியில் இருந்தது.

"அப்பா! இங்க வாங்க."

"என்ன?"

"வந்து பாருங்க. சொன்னா நம்ப மாட்டீங்க."

ஹார்லன் வந்து குழாயைப் பார்த்தார். மூடினார். திறந்தார். தண்ணீர் வந்தது.

"எங்கேயோ தேங்கி நிக்குது," என்றார்.

"ரெண்டு பக்கெட் ஆச்சு."

"பெருசா தேங்கியிருக்கு."

இன்னொரு பக்கெட்டும் நிறைந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு குழாயைப் பார்த்தபடி நின்றார்கள். பிரிட்டா உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். பல் கூசியது. ஏரித் தண்ணீரில் கோடை முழுக்க ஒரு பச்சை வாடை இருக்கும். இதில் அது இல்லை. ஆணியை நக்கியது போல இரும்பு ருசி.

"குடிச்சுப் பாருங்க."

ஹார்லன் குடித்தார். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது ஏரி இல்ல."

"மூணுல தங்கறவங்க காபி இங்க நல்லா இருக்குன்னு சொல்வாங்களே. ஏரித் தண்ணி, அதுல போடாதீங்கன்னா கேக்கவே மாட்டாங்க."

"வருஷா வருஷம் மூணேதான் வேணும்னு அடம் பிடிப்பாங்க. நான் ஏரி நல்லாத் தெரியறதாலன்னு நெனச்சேன்." அவர் டார்ச்சை எடுத்தார். "இந்த இடத்துல எனக்குத் தெரியாம ஒரு ஆணி கிடையாது."

கேபினுக்கு அடியில் ஊர்ந்து போனார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. பிரிட்டா குந்தி உட்கார்ந்து அதனோடு பேசினாள்.

"என்ன இருக்கு?"

"ரெண்டு குழாய் இருக்கு."

"எப்படி ரெண்டு?"

"ஒண்ணு நான் போட்டது. அது வாயை எவனோ அடைச்சு வெச்சிருக்கான். இன்னொண்ணு கறுப்பு. பூமிக்குள்ள போகுது. சுத்திப் பஞ்சு வெச்சு, பெட்டி அடிச்சு..." டார்ச் வெளிச்சம் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. "நல்ல வேலை," என்றது பூட்ஸ். சொல்ல மனசில்லாமல் சொன்ன குரல்.

"எந்தப் பக்கம் திரும்புது?"

"காட்டுப் பக்கம்."

அவர் வெளியே வருவதற்குள் பிரிட்டா பின்பக்கம் போய்விட்டாள். அங்கே ரூபார்ப் பாத்தி இருந்தது. அந்தப் புளிப்புத் தண்டுகளை வெர்னா ஜூனில் வெட்டிப் பணியாரம் போல ஏதோ சுடுவாள். அகல இலைகள் இப்போது உறைபனியில் கறுத்துச் சாய்ந்திருந்தன. பாத்தி கேபினின் பின்சுவரில் ஆரம்பித்துக் காட்டின் ஓரம் வரை நூல் பிடித்தது போலப் போனது. ஒரே வரிசை. வெயிலே படாத இடம்.

ஹார்லன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். முழங்காலில் மண்.

"இதை ஏன் இப்படிக் கோடு போட்டு நட்டேன்னு ஒரு தடவை கேட்டேன்," என்றார்.

"அம்மா என்ன சொன்னா?"

"'நீ போடற ரோடு மட்டும் நேரா போகலாமா'ன்னா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ரூபார்ப் ஓரமாகவே நடந்தார்கள். கடைசிச் செடிக்கு அப்பால் ஒரு பழைய துடுப்புப் படகு கவிழ்ந்து கிடந்தது. பல வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. பிரிட்டா அதன் விளிம்பில் கை வைத்தாள்.

"ஏய், வேண்டாம். அடியில ஸ்கங்க் இருக்கு."

"நீங்க பாத்தீங்களா?"

"உங்கம்மா பாத்தா. அந்தப் பிராணி ஒரு தடவை பீச்சிடுச்சுன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் நாத்தம் போகாது. நாய்க்கு ஆனது ஞாபகம் இல்ல?"

"நீங்க பாத்தீங்களா?"

அவர் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். பிரிட்டா படகைப் புரட்டினாள்.

ஸ்கங்க் இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நின்றது. மேலே கனமான மூடி. பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சின்ன வட்ட மூடி. படகின் பலகையோடு சேர்த்து ஒரு நீண்ட இரும்புச் சாவி கட்டியிருந்தது. ஆழத்தில் இருக்கும் வால்வை மேலே நின்றபடி திருப்பும் சாவி. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. பிரிட்டா இரும்புக் குழாயில் காது வைத்தாள். உள்ளே தண்ணீர் முணுமுணுத்தது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. தானாகவே மேலே வரும் ஊற்று.

உறையாமல் தண்ணீர் வருகிற கேபின். கிடைச்சிடுச்சுப்பா, இதோ பாருங்க என்று கத்த வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவர் அந்தச் சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டெலின் ட்ரக் சரளைக்கல்லில் திரும்பும் சத்தம் கேட்டது.

வெர்னா இறங்கினாள். மாவுக்கட்டு போய், கை வெளுத்து, சூம்பி, வேறு யாருடைய கையோ போல இருந்தது. புரட்டிப் போட்ட படகு தூரத்திலேயே அவள் கண்ணில் பட்டது. நடை ஒரு கணம் நின்றது. பிறகு அதே வேகத்தில் வந்தாள். அவளுக்குப் பின்னால் இறங்கப் போன வெண்டெல் படகைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மூணைத் தொடாதீங்கன்னு சொன்னேன்," என்றாள் வெர்னா.

"எவ்வளவு ஆழம்?" என்றார் ஹார்லன்.

"எட்டடி."

"பாறை?"

"இந்தக் கோட்டுல மட்டும் இல்ல. வெண்டெல் குத்திக் குத்திப் பாத்தான்."

"வால்வு மூடினா மேல நிக்கற தண்ணி?"

"தானா கீழ வடிஞ்சுடும்."

"எப்ப போட்டது?"

"நீ கனடாவுக்கு மூஸ் மான் வேட்டைக்குப் போயிருந்தப்ப."

"எந்த வருஷம்?"

"மூஸ் கிடைக்காத வருஷம்."

"எந்த வருஷமும் கிடைக்கலையே."

"பிரிட்டா டுலூத்துக்குப் போன வருஷம்."

ஹார்லன் திரும்பி ட்ரக்கைப் பார்த்தார். "வெண்டெல்! சனிக்கிழமையானா என் மேஜைல உக்காந்து திங்கறியேடா!"

ஜன்னல் கொஞ்சம் இறங்கியது. "சமைக்கறது வெர்னாவாச்சே," என்றார் வெண்டெல். ஜன்னல் ஏறிக்கொண்டது.

ஹார்லனுக்குக் கேட்பதற்கு இன்னும் நிறைய இருந்தது. குழாயின் அகலம் கேட்டார். பஞ்சு எந்தக் கடையில் வாங்கினாள் என்று கேட்டார். பள்ளம் தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் வெர்னா பதில் சொன்னாள். கேள்விகள் தீர்ந்துபோய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்று பிரிட்டாவுக்குத் தெரிந்தது. அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எதுக்கு?"

வெர்னா வெளுத்த கையை மற்ற கையால் தேய்த்தாள்.

"ஏரி உறையறதைப் பாக்கணும்னு."

பிரிட்டா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தன் மனசில் இருந்த அந்த வார்த்தைகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"வேற ஒண்ணும் இல்ல," என்றாள் வெர்னா. "மே மாசம் வந்து திறக்கறோம். வர்றவங்களுக்குப் படுக்கை விரிக்கறோம். அக்டோபர்ல மூடிட்டு ஓடறோம். நாம போனதுக்கப்புறம் இது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது. ராத்திரியில அது பாடும்னு சொல்றாங்க."

"வெண்டெலைக் கேட்டா சொல்வான்ல? அவன் இங்கதானே இருக்கான்."

"கேட்டேன். 'உறையும்'னு சொன்னான்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"ஒவ்வொரு வருஷமும் சொல்லலாம்னுதான் மூணைக் கடைசியா மூடுவேன். உள்ள போய் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். அதுக்குள்ள நீ ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணி ஹார்ன் அடிப்பே. அந்த வெயில் தொப்பியைப் போட்டுக்கிட்டுச் சின்னப் பையன் மாதிரி உக்காந்திருப்பே. அங்க போனாத்தான் உன் இடுப்பு வலி விடுது. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? வால்வைத் திருப்பிட்டு வந்து ஏறிக்குவேன்."

பிரிட்டாவுக்கு ஒன்று உறுத்தியது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போன வாரம் நான் கேட்டப்ப நீ பக்கத்துலதானே இருந்தே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

வெர்னா தரையில் இருந்த சின்ன வட்ட மூடியைப் பார்த்தாள்.

"சொன்னா நீ இங்க இருப்பே. நான் அரிசோனாவுல உக்காந்து நீ போன்ல சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். என்னால அது முடியாதுடி." குரலை அவள் தாழ்த்தவில்லை. "பொறாமைதான். வேற என்னன்னு சொல்ல? இன்னிக்கு வந்து எப்பவும் போல மூடிட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

பிரிட்டாவுக்குக் கோபம் வர வேண்டும் போலிருந்தது. வரவில்லை. பன்னிரண்டு வருஷம் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம்கூட இருக்காத ஒருத்தி எதிரே நின்றாள். அவளிடம் எப்படிக் கோபப்படுவது?

ஹார்லன் எழுந்தார். ரூபார்ப் பாத்தியின் ஓரமாக நடந்து மூன்றாம் கேபினுக்குள் போனார். இருவரும் பின்னால் போனார்கள். அவர் குழாயை இறுக்கி மூடினார். கேபின் திடீரென்று அமைதியானது.

"சொன்னா சொன்னதுதான்," என்றார் பிரிட்டாவிடம். "நீ இருந்துக்கோ. விறகு நாளைக்கு அடுக்கறேன்."

படுக்கையறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. கேபின் மூடும்போது மெத்தைகளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட வேண்டும். படுத்துக் கிடக்கும் மெத்தையில் எலி புகும். ஹார்லன் ஒரு கட்டிலைத் தாண்டிப் போனார். இரண்டாவது கட்டிலின் மெத்தையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். பாதி உயரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பு வலிக்கும் என்று பிரிட்டாவுக்குத் தெரியும். போய்ப் பிடிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"இதை நிமிர்த்தணுமா?" என்றார், சுவரைப் பார்த்து.

வெர்னா கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். கட்டிலில் கிடந்த மெத்தையையும் அவர் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். கரையில் அலை கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேண்டாம்," என்றாள். "கிடக்கட்டும்."

அவர் கையை விட்டார். மெத்தை பொத்தென்று விழுந்தது. அவர் அதன் மேலேயே உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கத்துல இருந்து உறையுதுன்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும். ரெண்டு பேரும். தனித்தனியா."

"சரிப்பா."

"வழியில மேப் யார் பாக்கறது? எனக்குப் பாத்தா தலை சுத்தும்."

"வெண்டெலைக் கூட்டிட்டுப் போ," என்றாள் வெர்னா.

"அவன் இந்த ஜில்லாவைத் தாண்டினவன் இல்ல."

"தாண்டட்டுமே."

ஹார்லன் யோசித்தார். எழுந்து வாசலுக்குப் போனார். வடக்கேயிருந்து முதல் பனித்தூள் இறங்க ஆரம்பித்திருந்தது. ட்ரக் இன்னும் அங்கேயே நின்றது.

"வெண்டெல்!" என்று கத்தினார். "உங்கிட்ட அரைக்கால் சட்டை இருக்கா?"

ஜன்னல் மெதுவாக இறங்கியது.

"எதுக்கு?" என்றார் வெண்டெல்.